26 எழுத்தில் நின்ற நகல்: ஒரு கைப்பேசி, ஒரு லினக்ஸ் மடிக்கணினி, 41 ஜிபி பாட்டு

மன்னார்குடியை அடுத்த ஒரு கிராமத்தில் என் பெரியப்பா இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய், மூதாட்டிகள் பாடும் நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்துவருகிறார். நான்கு ஆண்டுகளில் 2,316 ஒலிப்பதிவுகளும் முந்நூறுக்குச் சற்றுக் கூடுதலான காணொளிகளும் சேர்ந்துவிட்டன. எல்லாம் சேர்த்து 41 ஜிபி.

கடந்த மார்கழியில் ஒரு பாட்டி, இறந்துபோன தன் தங்கைக்காக ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தபோது பாதியில் பதிவு நின்றுவிட்டது. சேமிக்க இடமில்லை என்றது கைப்பேசி. கண்ணீரோடு பாடியவரிடம், மறுபடியும் முதலிலிருந்து பாடுங்கள் என்று கேட்கப் பெரியப்பாவுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்தவுடன் கைப்பேசியிலிருப்பதை எல்லாம் மடிக்கணினிக்கு மாற்ற முனைந்தார். ஒரு வாரம் போராடியும் ஒரு பாட்டுகூட மாறவில்லை. பொங்கல் முடிந்து நான் ஊருக்குப் போனேன். இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் என்ன நடந்தது, எந்த இடத்தில் எது தடுத்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தில் கைப்பேசி இணையவில்லை என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். ஏறக்குறைய எல்லோருடைய சிக்கலும் இந்த ஒரு வீட்டிலேயே இருந்தது.

மடிக்கணினி அக்காவுடையது. அவர் பிளஸ் டூ படித்தபோது, 2013ஆம் ஆண்டு, அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அந்தக் கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அக்காவுக்கு லினக்ஸ் புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நான்தான் அதில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வகையை நிறுவிக் கொடுத்தேன். இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

நான் போவதற்கு முன்பே பெரியப்பா மடிக்கணினியை நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருந்தார். கடைக்காரர் மூன்று மென்பொருள்களை நிறுவிப் பார்த்துவிட்டு, "லினக்ஸில் கைப்பேசி வேலை செய்யாது, அழித்துவிட்டு வேறு போட்டுத் தருகிறேன்" என்றாராம். அக்காவின் கோப்புகள் உள்ளே இருந்ததால் பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. நல்லவேளை.

"என்னம்மா, இதில் ஏறுமா?" என்று கேட்டார்.

"ஏறும் பெரியப்பா. எது தடுக்கிறது என்று முதலில் பார்ப்போம்."

கைப்பேசியைக் கேபிளில் இணைத்ததும் சார்ஜ் ஏறத் தொடங்கியது. மடிக்கணினியில் ஒன்றுமே நடக்கவில்லை. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். சார்ஜ் ஏறுகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்து, டிரைவர் வேண்டுமோ, மென்பொருள் வேண்டுமோ என்று தேடக் கிளம்பிவிடுகிறார்கள். எந்த மென்பொருளையும் தொடுவதற்கு முன், இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கேட்க வேண்டும். கட்டளைகளை எழுதும் டெர்மினலைத் திறந்து, சூடோ என்ற சொல்லுக்குப் பின் டி-எம்-இ-எஸ்-ஜி என்ற கட்டளையை எழுதி, இடைக்கோடு போட்டு டபிள்யூ சேர்த்தேன். கெர்னல் தன் பதிவேட்டில் எழுதுவதை அது உடனுக்குடன் காட்டிக்கொண்டிருக்கும். அதை ஓடவிட்டுக் கேபிளைப் பிடுங்கினேன், மறுபடி செருகினேன். ஒரு வரிகூட வரவில்லை. அதே முனையில் மவுஸைச் செருகியதும் நான்கைந்து வரிகள் சரசரவென்று ஓடின.

அப்படியானால் முனைக்கு உயிர் இருக்கிறது. கைப்பேசி வந்த செய்தியே கணினிக்குப் போய்ச் சேரவில்லை. இது டிரைவர் கோளாறாக இருந்தால் "ஏதோ ஒரு கருவி வந்திருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை" என்ற அளவுக்காவது கெர்னல் எழுதியிருக்கும். முழு மௌனம் என்றால் கம்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அந்தக் கேபிள் ஒரு சார்ஜ் விளக்கோடு வந்ததாம். பெரியப்பாவின் அனுமதியுடன் நடுவில் வெட்டிப் பார்த்தேன். கறுப்பு உறையைச் சீவியதும் உள்ளே இரண்டே கம்பிகள், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. சிவப்பு ஐந்து வோல்ட் மின்சாரத்துக்கு, கறுப்பு தரைக்கு. தகவலைச் சுமக்கும் பச்சைக் கம்பியும் வெள்ளைக் கம்பியும் இல்லவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, தடிமன்கூட ஒன்றுதான். பெரியப்பா அந்த வெட்டுமுனையைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார உழைப்பு அந்த இரண்டு கம்பிகளில் போயிருந்தது.

பக்கத்து வீட்டுப் பையனிடமிருந்து வேறு கேபிள் வாங்கி வந்தோம். மேசை தூரமாக இருக்கிறதென்று பெரியப்பா வைத்திருந்த யுஎஸ்பி ஹப் வழியாக இணைத்தபோது, கெர்னல் இம்முறை பேசியது. ஆனால் விவரத்தைப் படிக்க முடியவில்லை, பிழை எண் 71 என்று மூன்று நான்கு முறை எழுதிவிட்டுக் கைவிட்டது. அந்த எண்ணுக்கு, மறுமுனையிலிருந்து வந்த பேச்சு சிதைந்திருக்கிறது என்று பொருள். கேபிள், ஹப், தளர்ந்த முனை என்று வழியில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஹப்பை எடுத்துவிட்டு நேராகச் செருகினேன். புதிய அதிவேகக் கருவி வந்திருக்கிறது என்ற வரி சுத்தமாக வந்தது. எல்-எஸ்-யு-எஸ்-பி கட்டளையின் பட்டியலிலும் கைப்பேசியின் பெயர் ஏறியிருந்தது.

ஆனாலும் தூனார் கோப்பு மேலாளரில் எதுவும் தோன்றவில்லை. பெரியப்பாவின் கண்ணுக்கு நிலைமை அப்படியே இருந்தது. அடியில் இரண்டு தடைகள் நீங்கிவிட்டன, மேலே தெரிவது அதே வெறுமை. இந்தச் சிக்கலின் உண்மையான கொடுமை இதுதான் என்று நினைக்கிறேன். எத்தனை தடை இருந்தாலும் பயனருக்குத் தெரியும் அறிகுறி "வரவில்லை" என்ற ஒன்று மட்டுமே. ஒன்றைச் சரிசெய்து பார்த்துப் பலன் தெரியாததால், அது காரணமில்லை என்று எண்ணிப் பழைய கேபிளுக்கே திரும்பிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தடை கைப்பேசிக்குள் இருந்தது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேபிளில் இணைத்தால் கைப்பேசி தானாகச் சார்ஜ் மட்டுமே செய்துகொள்ளும், கோப்புகளைக் காட்டாது. பொது இடத்தில் எதிலோ செருகியவுடன் படங்கள் களவு போய்விடக் கூடாது என்பதற்கு இது நல்ல காவல். கோப்புப் பரிமாற்றம் வேண்டுமென்றால் அறிவிப்புப் பட்டையை இழுத்து, யுஎஸ்பி குறித்த அறிவிப்பைத் தொட்டு, நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியப்பாவின் கைப்பேசியில் அந்த அறிவிப்பு எல்லாவற்றுக்கும் அடியில், ஓசையில்லா அறிவிப்புகளின் கீழே சுருங்கிக் கிடந்தது. அதைத் தொட்டு "கோப்புப் பரிமாற்றம்" என்று மாற்றியதும் தூனாரில் கைப்பேசியின் படம் வந்தது. பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். திறந்தால் உள்ளே காலி.

திரை அணைந்து பூட்டிக்கொண்டிருந்தது. பூட்டிய கைப்பேசி தன் சேமிப்பகத்தைக் கணினிக்குக் காட்டாது. பெரியப்பாவின் கைப்பேசி 30 நொடியில் பூட்டிக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. அதைப் பத்து நிமிடமாக்கி, பூட்டைத் திறந்து, கோப்பு மேலாளரில் மறுபடி உள்ளே போனோம். கோப்புறைகள் ஒவ்வொன்றாக வந்தன.

பெரியப்பா அப்போது ஒரு கேள்வி கேட்டார். அவருடைய பழைய கைப்பேசியை இணைத்தால் பென் டிரைவ் போல உடனே திறந்துகொள்ளுமே, புதிய கைப்பேசிக்கு ஏன் இத்தனை சடங்கு? நியாயமான கேள்வி. பழைய முறையில் கைப்பேசி தன் சேமிப்பகத்தை அப்படியே கணினியிடம் ஒப்படைத்துவிடும். களஞ்சியத்தின் சாவியையே கொடுத்துவிடுவதைப் போல. சாவி கணினியிடம் இருக்கும் நேரத்தில் கைப்பேசியால் உள்ளே போக முடியாது. ஒரே கோப்பு முறைமையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் குலைந்துவிடும் என்பதால், செயலிகள் அதுவரை காத்திருக்க வேண்டும். செயலிகளும் படங்களும் ஒரே உள்சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளும் கைப்பேசிகள் வந்த பிறகு இது ஒத்துவரவில்லை. அதனால் 2011இல் ஆண்ட்ராய்டு 3 முதல் எம்டிபி என்ற முறைக்கு மாறத் தொடங்கினார்கள். கேமராக்களுக்கான பிடிபி நெறிமுறையை விரித்து மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய அதை, யுஎஸ்பி தரநிலை அமைப்பு 2008ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டிருந்தது.

எம்டிபியைப் பெரியப்பாவுக்கு ரேஷன் கடையைக் காட்டித்தான் விளக்கினேன். சாவி நம் கைக்கு வராது. கவுண்டரில் நின்று இன்ன பொருள் வேண்டும் என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் எடுத்து வந்து கொடுப்பார். கவுண்டர் ஒன்று, ஆள் ஒருவர். ஒரு கோரிக்கை முடிந்த பிறகுதான் அடுத்தது. ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள கோப்புறையைத் திறந்தால் பட்டியல் வரவே நெடுநேரம் ஆவதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. லினக்ஸில் கவுண்டருக்குப் போகும் ஆளாக லிப்எம்டிபி என்ற நிரலகமும், அதன்மேல் ஜிவிஎஃப்எஸ் என்ற அடுக்கும் இருக்கின்றன. 2013இல் வந்த க்னோம் 3.8 முதல் ஜிவிஎஃப்எஸ்ஸுக்கு எம்டிபி தெரியும். மின்ட்டில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

தனியாக எதையும் நிறுவியிருக்கவும் கூடாது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது. கேபிளை ஒருமுறை எடுத்துவிட்டுச் செருகியபோது, கருவியைத் திறக்க முடியவில்லை என்ற பெட்டி வந்து நின்றது. லிப்எம்டிபியின் சோதனைக் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். கருவி ஏற்கெனவே வேறொருவர் பிடியில் இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னது. கடையில் நிறுவிய மூன்று மென்பொருள்களில் ஒன்று, கணினி தொடங்கும்போதே தானும் தொடங்கி, கைப்பேசி வந்தவுடன் பாய்ந்து பிடித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒரே கவுண்டரில் இரண்டு பேர் முண்டியடித்தார்கள். யார் முந்துகிறாரோ அவருக்குக் கிடைக்கும். அதனால் சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. அந்த மூன்றையும் நீக்கினேன். அதற்குப் பிறகு பத்து முறை எடுத்துச் செருகிப் பார்த்தோம். பத்து முறையும் திறந்தது. கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஆனால் காரணம் தெரியாமல் போடும் ஒவ்வொரு மென்பொருளும் அடுத்து வருபவருக்கு இன்னொரு காரணமாகிவிடுகிறது.

மாலை ஏழு மணிக்கு நகலெடுக்கத் தொடங்கினேன். முழுக் கோப்புறையையும் இழுத்து அக்காவின் முகப்புக் கோப்புறையில் போட்டேன். வெட்டி ஒட்டுவதை நான் இங்கே செய்யவே இல்லை. ஈடு செய்ய முடியாத பதிவுகளை நகலெடுக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மூலத்தில் கை வைக்க வேண்டும். பட்டை நகர்வதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பட்டையைக் காணோம். 400 கோப்புகள்தான் வந்திருந்தன.

"நடுவில் ஒரு பெட்டி வந்தது அம்மா. ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது. வேலை கெடக் கூடாதென்று மூடிவிட்டேன்" என்றார் பெரியப்பா.

எம்டிபி நடுவில் திணறி நின்றுவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். பெரிய கோப்புறைகளில் அப்படி ஆவதுண்டு. அதனால் வழியையே மாற்றினேன். ஏடிபி என்பது ஆண்ட்ராய்டு நிரலாளர்களுக்கான கருவி. எம்டிபியின் கவுண்டரைத் தொடாமல் வேறு வாசலால் போகும். கைப்பேசியின் அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் நிரலாளர் விருப்பங்கள் திறக்கும். அங்கே யுஎஸ்பி பிழைத்திருத்தத்தை இயக்கி, இந்தக் கணினியை நம்பலாமா என்று கைப்பேசி கேட்கும்போது சரி என்று சொல்ல வேண்டும். பிறகு ஏடிபி புல் என்ற கட்டளை. அதோடு இடைக்கோடும் ஏ-யும் சேர்த்தால் கோப்புகளின் தேதியும் மாறாமல் வரும். பாடியவர் இன்ன நாளில் பாடினார் என்பதற்கு அந்தத் தேதிதான் பெரியப்பாவிடம் இருக்கும் ஒரே சான்று. ஆகவே இதை முக்கியமாகக் கருதினேன்.

ஏடிபியும் நின்றது. ஆனால் அது டெர்மினல்; சொன்னதை யாரும் மூட முடியாது. கடைசி வரியில் "ஃபைல் நேம் டூ லாங்" என்று இருந்தது. கோப்பின் பெயர் மிக நீளமாம்.

பெரியப்பா தன் பதிவுகளுக்குப் பெயர் வைக்கும் விதமே தனி. நின்ற கோப்பின் பெயர் "கீழத்தெரு நடவுப்பாட்டு மூன்றாம் பகுதி ஆடி மாதம் காலை". எண்ணிப் பார்த்தால் 26 எழுத்துதான். இது எப்படி மிக நீளமாகும்? லினக்ஸில் வழக்கமான கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4, பெயருக்கு 255 இடம் கொடுக்கிறது. அந்த 255, எழுத்துக் கணக்கல்ல, பைட் கணக்கு. யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். அதிலும் "கீ" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்குக் ககரமும் அதன்மேல் ஒரு குறியுமாக இரண்டு. ஆக ஆறு பைட். "ட்" என்பதும் அப்படியே. இந்தப் பெயரின் 26 எழுத்துகள் 46 குறியீடுகளாகி, 138 பைட் பிடித்தன. இடைவெளிகள் ஆறு, முடிவில் புள்ளியோடு கோப்பு வகையைக் குறிக்கும் நான்கு. மொத்தம் 148.

148 என்பது 255-ஐவிடக் குறைவுதானே? இரவு பதினொரு மணிக்கு நானும் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் நகலெடுப்பதை விட்டுவிட்டு மிக எளிய சோதனை ஒன்றைச் செய்தேன். டச் என்ற கட்டளையால் அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை முகப்புக் கோப்புறையில் உருவாக்கப் பார்த்தேன். கைப்பேசி இணைக்கப்படவே இல்லை. ஆனாலும் அதே பிழை. அதே கட்டளையைத் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறையில் கொடுத்தேன். கோப்பு உருவாகிவிட்டது. கைப்பேசி, கேபிள், எம்டிபி, ஏடிபி எதற்கும் இதில் பங்கில்லை. முகப்புக் கோப்புறைதான் இந்தப் பெயரை ஏற்க மறுக்கிறது.

மின்ட்டை நிறுவியபோது, அக்காவின் வங்கி ஆவணங்கள் இருக்கின்றனவே என்று, முகப்புக் கோப்புறையை மறையாக்கம் செய் என்ற கட்டத்தில் குறியிட்டவள் நான். அந்த வேலையைச் செய்வது இகிரிப்ட்எஃப்எஸ். அது உள்ளடக்கத்தோடு கோப்பின் பெயரையும் மறைத்து எழுதுகிறது. மறைத்த பெயர் மூலப் பெயரைவிட மிக நீளமாகிவிடும். அந்த நீண்ட பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டுமென்றால் மூலப் பெயர் 143 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் பெயர் வைப்பவருக்கு 143 எழுத்து என்பது ஒரு பத்தி, வாழ்நாளில் முட்டமாட்டார். தமிழில் பெயர் வைப்பவருக்கு அது 47 குறியீடு, ஏறத்தாழ 26, 27 எழுத்து. தன் மொழியில் ஒரு முழு வரி எழுதினாலே சுவரில் இடித்துக்கொள்வார். அது வேண்டுமென்று செய்யப்பட்ட ஓரவஞ்சனை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நிறுவும்போது அந்தக் கட்டத்தின் பக்கத்தில் ஒரு வரி எச்சரிக்கை இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

143 பைட்டைத் தாண்டிய பெயர்கள் எத்தனை என்று எண்ணினேன். 93 இருந்தன.

பெயர்களைச் சுருக்கிவிடலாமா என்று காலையில் பெரியப்பாவிடம் கேட்டேன். தயங்காமல் மறுத்தார். எந்தத் தெரு, என்ன பாட்டு, எந்தப் பருவம் என்பதெல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. தனியாக நோட்டுப் புத்தகம் வைத்திருக்கவில்லை. அவர் சொன்னது சரி. ஆகவே வன்தட்டில் மறையாக்கம் இல்லாத பகுதியில், முகப்புக் கோப்புறைக்கு வெளியே, பாடல்கள் என்று ஒரு கோப்புறை உருவாக்கி அதன் உரிமையை அக்காவின் கணக்குக்கு மாற்றினேன்.

"பூட்டு இல்லாத இடம் பெரியப்பா, பரவாயில்லையா?"

"பாட்டுக்கு எதற்கம்மா பூட்டு?"

ஏடிபி புல் மறுபடி ஓடியது. இம்முறை எங்கும் நிற்கவில்லை. 41 ஜிபியும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. எண்ணிக்கை ஒத்துப்போனது மட்டும் போதாது. கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற எம்டி5 கூட்டுத்தொகையைக் கைப்பேசியில் ஒருமுறை, மடிக்கணினியில் ஒருமுறை எடுத்து, இரண்டு பட்டியலையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டேன். ஒரு வரி வித்தியாசமும் இல்லை. பிறகு வெளி வன்தட்டு ஒன்றில் இரண்டாம் நகல். அதையும் ஒப்பிட்ட பிறகே கைப்பேசியிலிருந்து நீக்கினோம். அதையும் பெரியப்பாவே செய்தார், கோப்புறை கோப்புறையாக. பிழைத்திருத்த அனுமதியை அணைத்துவிட்டேன். தினசரிப் பயன்பாட்டுக்கு அது திறந்திருக்கத் தேவையில்லை. ஆனால் அணைப்பதற்கு முன், அதே நிரலாளர் விருப்பங்களில் இயல்பான யுஎஸ்பி அமைப்பு என்ற இடத்தைக் கோப்புப் பரிமாற்றம் என்று மாற்றிச் சோதித்துப் பார்த்தேன். பூட்டைத் திறந்து செருகினால் தானாக வந்தது. காவல் வேண்டுமா, வசதி வேண்டுமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். வெளியூரில் கண்ட இடத்தில் சார்ஜ் போடுகிறவர் என்பதால், அறிவிப்பைத் தொடும் முறையே இருக்கட்டும் என்றார். பழையபடி மாற்றிவிட்டேன்.

கேபிளே இல்லாமல் கேடிஇ கனெக்ட் என்ற செயலி வழியாக அனுப்பலாம் என்றும் அக்காவிடம் காட்டினேன். இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்து, கணினியின் தடுப்புச்சுவரில் 1714 முதல் 1764 வரையுள்ள போர்ட்டுகள் திறந்திருந்தால் போதும். ஒன்றிரண்டு பாட்டுக்கு அது சுகம். பெரியப்பா வீட்டில் வைஃபை இல்லாததால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நான் கிளம்பும்போது பெரியப்பா நான்கு கம்பியுள்ள புதுக் கேபிளின் இரண்டு முனையிலும் மஞ்சள் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் கிடந்த மற்றக் கேபிள்களோடு கலந்துவிடக் கூடாதாம். சுற்றி முடித்து, நாட்காட்டி மாட்டியிருந்த ஆணியிலேயே அதையும் மாட்டினார். பாதியில் நின்ற ஒப்பாரியை மடிக்கணினியில் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டார். நான்கு நிமிடம் பதினோரு நொடியில் குரல் அறுந்தது. அந்தப் பாட்டி வீட்டுக்கு வியாழக்கிழமை போகலாம் என்றிருக்கிறார். பாடச் சொல்லிக் கேட்கப் போவதில்லை, சும்மா பார்த்துவிட்டு வரத்தான் என்றார். கைப்பேசியில் 45 ஜிபி காலியாக இருந்தது.